கேரேஜ் பட்டறையில் துரு: மெழுகா, எண்ணெயா, ஈரநீக்கியா?

காரோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு கேரேஜில் மரவேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: கருவிகளைத் துருவிலிருந்து காக்க எதில் பணத்தைப் போடுவது? விற்பனைக்கு இருப்பவை ஏராளம். மெழுகு, எண்ணெய், ஸ்பிரே, சிலிக்கா ஜெல், துருத்தடுப்புக் காகிதம், அலமாரிக்குள் வைக்கும் சூடேற்றும் தண்டு, அறைக்கே ஒரு ஈரநீக்கி இயந்திரம். ஒவ்வொன்றின் உறையைப் படித்தாலும் அதோடு துருவின் கதை முடிந்துவிட்டது போலத்தான் எழுதியிருக்கும். ஆனால் இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில காற்றை மாற்றுகின்றன. சில இரும்பை மூடுகின்றன. சில, பெட்டிக்குள் இருக்கும் கொஞ்ச இடத்தை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கும்போதுதான் காசும் போகிறது, துருவும் வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கேரேஜ்களில் அறை முழுவதையும் உலர்த்த வேண்டியதில்லை. பெரிய இரும்புப் பரப்புகளுக்கு மெழுகு, கைக்கருவிகளுக்கு ஒரு மூடிய அலமாரி, வேலை முடிந்ததும் துடைக்க ஒரு எண்ணெய்த் துணி. இவ்வளவு போதும். ஈரநீக்கி வாங்கவும் நல்ல காரணம் உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஈரம் வரும் இரண்டு வழிகள்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஆக்சிஜனை நம்மால் தடுக்க முடியாது. நீர் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒன்று, காற்றின் ஈரப்பதம் வழியாக. ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது, சுத்தமான எஃகின் மேல்கூடக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது; அங்கிருந்து துருவின் வேகம் சட்டென்று கூடுகிறது. விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பு இருந்தாலோ, தூசு படிந்திருந்தாலோ, அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே வேலை தொடங்கிவிடும். இழைப்புளியின் பக்கவாட்டில் விரல்ரேகை வடிவிலேயே துரு பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு வழி இன்னும் கொடியது: பனித்தல். மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேற்பரப்பு, பேண்ட் சாவின் (நாடா ரம்பத்தின்) மேடை போன்ற கனத்த இரும்பு இரவில் மெல்லக் குளிர்ந்து, காலையில் மெல்லத்தான் சூடேறும். காற்று அப்படியல்ல, கதவைத் திறந்த சில நிமிடங்களில் வெளிக்காற்று உள்ளே நிறைந்துவிடும். அந்தக் காற்று 30 டிகிரி செல்சியஸும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பின் மேலும் அது தண்ணீராகப் படியும். இரவுக் குளிர்ச்சி மாறாமல் 24 டிகிரியில் இருக்கும் இரும்பு மேடை வியர்க்கத் தொடங்கும். முதல் வகைத் துரு வாரக்கணக்கில் வருவது. இது ஒரே காலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளைக் கொட்டிவிட்டுப் போகும்.

உங்கள் பட்டறையில் நடப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்க வேண்டாம். அதற்கு ஓர் ஈரப்பதமானி போதும். மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்லும் என்பதால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரைந்துவிடாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் ஆக்கி, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடவோ குறையவோ காட்டுகிறதோ அதை மனதில் கழித்துக்கொள்ளலாம். பிறகு சில நாட்கள் காலை, மாலை, இரவு என்று பார்த்து வாருங்கள். நாள் முழுவதும் 75-க்கு மேலேயே நின்றால் காற்றுதான் பிரச்சினை. பகலில் 55, 60 என்று நன்றாக இருந்தும் மேடை மட்டும் துருப்பிடிக்கிறது என்றால் பனித்தல்தான் காரணம்.

இதோடு, ஈரம் வெளியிலிருந்துதான் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த காரை உள்ளே விட்டால் அதன் மேலுள்ள தண்ணீர் முழுவதும் ஆவியாகி அறைக்குள்தான் நிற்கும். கான்கிரீட் தரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே விடும்; ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டு ஓரிரு நாள் விட்டால், தாளின் அடியில் நீர் கோத்திருப்பதே சாட்சி சொல்லும். எரிவாயுவில் எரியும், புகைப்போக்கி இல்லாத ஹீட்டர் இன்னொரு கள்ளன்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளியேறுகிறது. குளிருக்காக அதை ஏற்றுகிறவர் இரும்புக்குத் தண்ணீர் காட்டுகிறார். பச்சை மரத்தை அடுக்கி வைப்பதும் இதே கணக்குதான். உலர்எடை 100 கிலோ உள்ள மரம் 30 சதவீத ஈரத்திலிருந்து 12-க்கு இறங்கும்போது 18 லிட்டர் தண்ணீரை அறைக்குள் விடுகிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது, மூலையில் மறந்துபோய்க் கிடக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டில். தரையின் கறை எடுக்கவோ கழிவறை கழுவவோ வாங்கியதாக இருக்கும். மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் அதிலிருந்து ஆவி கசிந்து, அறையிலுள்ள ஒவ்வொரு இரும்பின் மேலும் போய் உட்காரும். நீச்சல்குளக் குளோரினும் அப்படியே. "எத்தனை மெழுகு பூசினாலும் நிற்கவில்லை" என்று புலம்புகிறவர்களின் கேரேஜில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். அதை வெளியே எடுத்துப் போடச் செலவே இல்லை. மற்ற எந்த வழியும் அதற்கு ஈடாகாது.

அறையை உலர்த்துவது

ஈரநீக்கியைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் உள்ள ஒரு கேரேஜில் 45 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் அந்தக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அதை 50 சதவீதத்துக்கு இறக்க வெளியே எடுக்க வேண்டியது 400 கிராம்தான். சின்ன இயந்திரம்கூட ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடும். அப்படியானால் சிக்கல் எங்கே? கதவின் அடியில். கேரேஜ் கதவுகள் காற்றைத் தடுப்பதற்காகச் செய்யப்படுபவை அல்ல. அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். உள்ளிருக்கும் காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது என்று கொண்டாலே, அந்த 400 கிராமை ஒவ்வொரு மணி நேரமும் மறுபடி எடுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு நெருக்கம். சிறிய ஈரநீக்கியின் முழுத் திறனும் அதிலேயே கரைந்துவிடும்; ஊருக்கே காற்றை உலர்த்திக் கொடுத்த புண்ணியம்தான் மிஞ்சும்.

ஆகவே ஈரநீக்கியை நினைப்பவர் முதலில் கதவின் அடிக்கு ரப்பர் பட்டையும், பக்கங்களுக்குத் தூரிகைப் பட்டையும் பொருத்தட்டும். அதன் பிறகும் ஈரப்பதம் இறங்கவில்லை என்றால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் எந்த வகை என்பது அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. கம்ப்ரஸர் உள்ள வகை வெப்பமான அறையில் சிக்கனமாக ஓடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குழாய்களில் உறைபனி கட்டி, தண்ணீர் எடுப்பதைவிடப் பனியை உருக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். குளிர்ந்த கேரேஜுக்கு, சுழலும் உறிஞ்சு சக்கரம் உள்ள வகைதான் சரி. மின்சாரம் கூடுதலாகத் தின்றாலும் அந்த மின்சாரம் வெப்பமாக அறைக்கே திரும்புகிறது. எதை வாங்கினாலும் தொட்டியை நம்பாமல், வடிகுழாயை வெளியே விட்டுவிடுவது நல்லது. தொட்டி நிறைந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும். நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில்தான் அது நிறையும்.

இத்தனை சொன்ன பிறகும் ஈரநீக்கியை நான் ஒதுக்கவில்லை. 80 சதவீத ஈரப்பதத்தில் மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 50 சதவீதத்தில் 9 சதவீதம். ஈரமான கேரேஜில் கச்சிதமாகப் பொருத்திய இழுப்பறை, வறண்ட அறைக்குப் போனதும் சுருங்கி ஆட்டம் காணும். மேசைப் பலகை வளையும். நீங்கள் செய்பவை வீட்டுக்குள் வாழப்போகும் சாமான்கள் என்றால் அறையை உலர்த்துவது மரத்துக்காகவே தகும். அப்போது துரு குறைவது கூடவே கிடைக்கும் லாபம். தோட்டத்து பெஞ்சும் பறவைக்கூடும் செய்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

மின்விசிறியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது காற்றை உலர்த்தாது. ஆனால் இரும்பின் வெப்பத்தைக் காற்றின் வெப்பத்துக்கு அருகிலேயே வைத்திருப்பதால் பனித்தலைக் குறைக்கும். உங்கள் பிரச்சினை காலை வியர்வை மட்டும்தான் என்றால், இரவெல்லாம் மெல்ல ஓடும் ஒரு சிறு விசிறி வியக்கத்தக்க அளவு உதவும். சன்னலைத் திறப்பது வேறு விஷயம்: வெளிக்காற்றின் பனிநிலை உள்காற்றின் பனிநிலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும். மழை நின்றதும் "காற்றாடட்டும்" என்று கதவை அகலத் திறப்பது பெரும்பாலும் ஈரத்தை அழைத்து உட்கார வைப்பதாகவே முடியும்.

சின்ன இடத்தை உலர்த்துவது

கைக்கருவிகளுக்கு இதுதான் என் முதல் தேர்வு. 45 கன மீட்டரோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் கால் கன மீட்டர் அலமாரியைப் பார்த்துக்கொள்வது எவ்வளவோ எளிது. ஆனால் இதிலும் மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

சிலிக்கா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்சும். அரைக் கிலோ போட்டால் 100 கிராமுக்குக் குறையாமல் எடுக்கும். கால் கன மீட்டர் காற்றில் இருக்கும் ஈரமோ சில கிராம்தான். தாளில் போட்டால் மிக அழகான கணக்கு. ஆனால் அலமாரி மரத்தால் ஆனது என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. 20 கிலோ எடையுள்ள மர அலமாரி 16 சதவீத ஈரத்திலிருந்து 9-க்கு இறங்க வேண்டுமானால் 1.4 கிலோ தண்ணீரை விட வேண்டும். அதன் வெளிப்பக்கமோ அறையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அரைக் கிலோ சிலிக்கா ஜெல் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஆகவே சிலிக்கா ஜெல்லை ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் பிட்டுகள், துளையிடும் பிட்டுகள், அளவுக் கருவிகள் ஆகியவற்றுக்கு அது பொன்னான ஏற்பாடு. நிறம் மாறியதும் 110 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் உயிர் பெறும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், ஆரஞ்சு நிற வகையை வாங்குவது மேல்.

ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகக் கீழே சேர்க்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் துணி அலமாரிகளுக்கு ஏற்றவை. கருவிகளின் பக்கத்தில் அவற்றை வைக்கவே கூடாது. டப்பாவில் சேர்வது வெறும் தண்ணீர் அல்ல, குளோரைடு கரைசல். ஒரு முறை கவிழ்ந்தால் இரும்புக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

மர அலமாரிக்கு உகந்தது வெப்பம். குறைந்த வாட்டில் எரியும் சூடேற்றும் தண்டு ஒன்றை அடித்தட்டில் பொருத்திவிட்டால், உள்ளே காற்று வெளியைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். 20 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 25 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டு நீரையும் எடுக்காமலேயே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இரும்பும் காற்றைவிடக் குளிர்ந்து போகாததால் பனித்தலுக்கு இடமே இல்லை. இதற்கு அலமாரி இறுக்கமாக மூடியிருக்கத் தேவையில்லை. கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் சிறு துளைகள் இருந்தால் இன்னும் நல்லது. சிலிக்கா ஜெல்லுக்கு வேண்டியதோ இறுக்கம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பவர் இரண்டையும் வீணாக்குகிறார். பழைய காலத்தில் இழைவிளக்கு ஒன்றை எரியவிட்டே இதைச் சாதித்தார்கள். எல்இடி விளக்கில் அந்த வெப்பம் கிடைக்காது. அப்படி இழைவிளக்கு வைப்பதாக இருந்தால் மரச்சீவலும் எண்ணெய்த் துணியும் அதை நெருங்க வழியில்லாதபடி கம்பிக்கூண்டு போட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இதற்கென்று செய்யப்பட்ட மூடிய சூடேற்றும் தண்டுதான் என் தேர்வு.

மூன்றாவது, துருத்தடுப்பு ஆவியை மெல்ல வெளியிடும் காகிதமும் வில்லையும். விசிஐ என்ற பெயரில் விற்பார்கள். ஆவி பரவி இரும்பின் மேல் மூலக்கூறு அளவிலான படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. இழுப்பறைக்கும் கருவிப்பெட்டிக்கும் இது மிகப் பொருத்தம்: மின்சாரம் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, முழு இறுக்கமும் தேவையில்லை. ஆனால் திறந்த அலமாரித்தட்டில் வைத்தால் ஆவி காற்றோடு போய்விடும். அடிக்கடி திறக்கும் பெட்டியில், உறையில் சொன்ன ஆயுளைவிட முன்பாகவே தீர்ந்துவிடும். பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள கருவிகள் என்றால் பலவகை உலோகங்களுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதையே எடுக்க வேண்டும்.

பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பதனிட்ட அமிலமும் உப்பும் சேர, உளியின் முனையை அரித்துவிடும். இயந்திரத்தோடு வரும் பெட்டிகளிலுள்ள நுரைப்பஞ்சும் நனைந்தால் எளிதில் உலராது. ஓக் மரத்தில் செய்த அலமாரி அசிட்டிக் அமில ஆவியை விடும். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களை ஓக் பேழைக்குள் வைக்கத் தயங்குவது இதனால்தான். கருவி அலமாரிக்கென்று மரம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது ஓக்கைத் தவிர்த்துவிடலாம்.

இரும்பை மூடுவது

இனி மெழுகும் எண்ணெயும். இணையத்தில் சண்டை நடப்பது இங்கேதான். எதை எங்கே பூசுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் அந்தச் சண்டைக்குப் பெரிதாக இடமில்லை.

மரம் வழுக்கிச் செல்ல வேண்டிய பரப்புகளுக்கு மெழுகு. மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம், பேண்ட் சா, இழைப்புளியின் அடிப்பரப்பு. உலர்ந்து பளபளக்கும் மெழுகு மரத்தில் ஒட்டாது, தூசை இழுக்காது, பலகையும் தடையின்றி நகரும். பூசும் முறையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய எண்ணெயையும் கறையையும் மினரல் டர்பன்டைன் கொண்டு முழுதாகத் துடைத்து, பரப்பு உலர்ந்த பிறகு மெல்லிய பூச்சாகத் தேய்த்து, மங்கலாகும்வரை விட்டு, பிறகு துணியால் மெருகேற்ற வேண்டும். இரும்பு லேசாகச் சூடாக இருந்தால் மெழுகு நுண்துளைகளுக்குள் நன்றாக இறங்கும். குளிர்ந்த காலையில் பூசுவது பனியைச் சேர்த்துப் பூட்டுவதாகிவிடும். கார் மெழுகைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். சிலிகோன் இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் தாராளமாக. சிலிகோன் மரத்தில் துளி ஒட்டினாலும் பிறகு வார்னிஷ் பூசும்போது அங்கங்கே கண்ணாகப் பிரிந்து குழி விழும். அதைச் சரிசெய்வதற்குள் பொறுமை போய்விடும்.

மெழுகுகளில் நுண்படிக மெழுகுக்கு ஒரு படி மேலான இடம் உண்டு. ரெனசான்ஸ் என்ற பெயரில் வரும் மெழுகு 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில், பழம்பொருள்களைப் பாதுகாக்க உருவானது. விலை அதிகம், ஆனால் தொட்டால் விரல்ரேகை பதியாது. அளவுக் கருவிகள், உளியின் மேற்பகுதி போன்ற கையால் தொடும் இடங்களுக்கு ஏற்றது. ரம்ப மேடை போன்ற பெரிய பரப்புக்கு அதை வீணாக்க வேண்டாம். தரைக்குப் பூசும் சாதாரண மெழுகுப் பசையே போதும்.

மெழுகின் பலவீனம் தேய்மானம். பலகைகள் உரசிச் செல்லும் பாதையில் அது முதலில் போய்விடும். எப்போது மறுபடி பூசுவது என்பதற்கு நாட்காட்டி வேண்டாம்: ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது, பரவினால் இல்லை. சொட்டைத் துடைக்க மறக்க வேண்டாம்.

எண்ணெயின் இடம் வேறு. தினமும் கையில் எடுக்கும் உளி, இழைப்புளித் தகடு, கைரம்பம் ஆகியவற்றை வேலை முடிந்ததும் துடைத்து வைக்க அதைவிட விரைவான வழி இல்லை. இயந்திர எண்ணெய், மினரல் எண்ணெய், ஜப்பானியத் தச்சர்கள் பயன்படுத்தும் கமீலியா எண்ணெய் எல்லாம் நன்று. கமீலியா எண்ணெயின் சிறப்பு, அது எளிதில் காய்ந்து பிசினாகாது என்பதுதான். சமையலறையில் இருக்கும் எண்ணெயை எடுத்துப் பூசினால் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மஞ்சள் கோந்தாகிவிடும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாவது உண்மை. ஆனால் அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும். அந்தத் துணியை விரித்துக் காயவிடவோ, நீர் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் மூழ்க வைக்கவோ வேண்டும். எண்ணெய்த் துணி எப்போதும் மினரல் எண்ணெய்த் துணியாகவே இருக்கட்டும்.

எண்ணெயைப் பூசுவதைவிடத் துடைப்பதுதான் இங்கே பாதி வேலை. வியர்வை, மரச்சாறு, ஈரமான மரத்தூள் மூன்றும் துணியோடு போய்விடுகின்றன. ரம்ப மேடையில் இரவு முழுவதும் கிடக்கும் மரத்தூள் குவியலுக்குக் கீழேதான் முதல் துரு வரும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. நீர்ச்சாணைக்கல்லில் தீட்டிய தகட்டை உடனே உலரத் துடைத்து எண்ணெய் தடவாமல் வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஸ்பிரேக்களில் எல்லோர் கையிலும் இருப்பது டபிள்யூடி-40. 1953-ல் ராக்கெட் உடலைத் துருவிலிருந்து காக்க, நீரை விலக்குவதற்கென்று உருவாக்கப்பட்டது. நாற்பதாவது கலவைதான் சரியாக வந்ததாம், பெயரிலேயே அந்த எண் நிற்கிறது. நனைந்த கருவியிலிருந்து நீரை வெளியேற்ற அது கெட்டிக்காரத்தனமான பொருள். ஆனால் கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சும் படலம் மிக மெல்லியது; ஈரமான கேரேஜில் மாதக்கணக்கில் காக்க அதை நம்ப முடியாது. போயிங் நிறுவனம் விமானப் பாகங்களுக்காக உருவாக்கிய போஷீல்டு டி-9 மெழுகுப் படலத்தை விட்டுச் செல்வதால் ரம்ப மேடைக்கு நெடுநாள் தாங்கும். பூசிய பிறகு முழுதாக உலரவிட்டு மெருகேற்றாவிட்டால் பிசுபிசுக்கும், முகர்ந்தாலும் தலைவலிக்கும்.

ஆட்டுரோமக் கொழுப்பான லானோலின் எல்லாவற்றையும்விட விடாப்பிடியானது. உப்புக்காற்றிலும் நிற்கும். ஆனால் தூசு, மரத்தூள், கையில் கிடைத்தது எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்ளும். அன்றாடம் பயன்படுத்தும் கருவியில் அதைப் பூசினால் மரத்திலும் கறை படும். திருகாணிப் பிடிகளின் மரை, வைஸின் உள்பகுதி, இயந்திரத்தின் அடிப்பக்கம் போன்ற, கை படாத இடங்களுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

மேடையைப் போர்த்தி வைப்பது நல்லதா? எதனால் போர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தொளதொளவென்று போட்ட பிளாஸ்டிக் தாள் ஈரக்காற்றை அடியில் அடைத்து வைக்கும். பனித்தது உலர வழி இருக்காது. இரும்போடு ஒட்டிப் படியும் ரப்பர் அல்லது காந்தப் பாய் காற்றையே பட விடாததால் பலன் தரும். இரும்பு மேடையைத் தட்டுமுட்டுச் சாமான் மேசையாக்கி, அதன் மேல் பச்சைப் பலகையையோ ஈரமான குவளையையோ வைக்கிறவருக்கு எந்தப் போர்வையும் உதவாது.

துருப்பிடிக்காத கருவியையே வாங்கினால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், கைக்கருவிகளுக்கு அது பெரிதாகக் கைகொடுக்காது. எஃகு துருவை எதிர்க்க, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். உளிகளில் புகழப்படும் ஏ2 என்ற வகை எஃகில் இருப்பது 5 சதவீத அளவுதான். டி2 என்ற இன்னொரு வகையில் 12 சதவீதம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கார்பனோடு கார்பைடாகப் பிணைந்து விடுவதால் துருவை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. வெண்கல உடல் கொண்ட இழைப்புளி துருப்பிடிக்காது; அதன் தகடு பிடிக்கும். நீலம் அல்லது கறுப்புப் பூச்சிட்ட கருவிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அந்தப் பூச்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் உதவும், எண்ணெய் இல்லாமல் அதுவும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகை நான் சிபாரிசு செய்வது மூலைமட்டம், அளவுகோல் போன்றவற்றுக்கு. அங்கே முனையின் கூர்மை பிரச்சினையில்லை, எழுத்துகள் மறையாமல் இருந்தால் போதும்.

யாருக்கு எது

தினமும் வேலை செய்கிறவருக்குக் கவலை மிகக் குறைவு. புழங்கும் கருவி எளிதில் துருப்பிடிக்காது. எண்ணெய்த் துணியும், சொட்டு முத்தாக நிற்காதபோது மெழுகும் போதும்.

வார இறுதியில் மட்டும் கேரேஜுக்கு வருகிறவர்தான் பெரும்பான்மை, துருவும் அவரைத்தான் தேடி வருகிறது. இடையிலுள்ள நாட்களில் யாரும் எதையும் துடைப்பதில்லை. அவர் செலவழிக்க வேண்டிய வரிசை இது: முதலில் ஈரப்பதமானி, பிறகு ஒரு டப்பா மெழுகு, அடுத்தது கதவுடைய அலமாரியும் அதற்குள் ஒரு சூடேற்றும் தண்டும். மின்சாரம் எட்டாத இடமாக இருந்தால் தண்டுக்குப் பதில் துருத்தடுப்பு வில்லை. பிட்டுகளும் அளவுக் கருவிகளும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு இறுக்கமான பெட்டிக்குள் போகட்டும். இவ்வளவுக்கும் பிறகு மேடை இன்னும் வியர்க்கிறது என்றால் விசிறி. ஈரப்பதமானி இரவும் பகலும் 75-ஐ விட்டு இறங்க மறுத்தால், கதவு இடைவெளிகளை அடைத்த பிறகு ஈரநீக்கி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே ஈரநீக்கி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் கடைசியில் மெழுகு டப்பாவைத்தான் வாங்குகிறார்கள்.

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்றம். காற்றோடு வரும் உப்பு இரும்பின் மேல் படிந்துவிட்டால், 60 சதவீதம் என்ற எல்லைக்கு அங்கே பொருளில்லை; அதைவிட வறண்ட நாளிலும் உப்பு ஈரத்தை இழுக்கும். அங்கே விசிறி போட்டு வெளிக்காற்றை உள்ளே இழுப்பது தீமை. அலமாரியை மூடி வைப்பதும், படிந்த உப்பை ஈரத்துணியால் எடுத்து உடனே உலர்த்தி மெழுகு பூசுவதும்தான் வழி. உப்பின் மேலேயே மெழுகைப் பூசினால் அடியில் துரு நடந்துகொண்டுதான் இருக்கும்.

பட்டறையைப் பல மாதம் பூட்டிவிட்டுப் போகிறவர் மேலே சொன்ன நுணுக்கங்களையெல்லாம் மறந்துவிடலாம். மின்சாரத்தை நம்பியிருக்கும் எதுவும் அவருக்கு வேண்டாம். தடைப்பட்டால் பார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்காது. எல்லா இரும்பையும் சுத்தமாகத் துடைத்து, லானோலினையோ தடித்த கிரீஸையோ தாராளமாகப் பூசி, கைக்கருவிகளைத் துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் இட்டுவிட வேண்டும். ரம்ப மேடைக்கு மேல் அதே காகிதத்தை ஒட்டப் படிய விரித்து, அதற்கு மேல் பாய். இயந்திரங்களின் இறுக்கப்பட்ட பட்டைகளைத் தளர்த்திவிடவும்; அது துருவைச் சேர்ந்ததல்ல என்றாலும் எப்படியும் செய்ய வேண்டிய வேலை. திரும்பி வந்ததும் மினரல் டர்பன்டைனும் பழந்துணியும் கொண்டு கிரீஸை எடுக்க ஒரு முழு மாலைப்பொழுது போகும். கையுறை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து அதைச் செய்ய வேண்டும். கிரீஸ் போன இரும்பு பச்சை உடம்பாக நிற்பதால், அன்றைக்கே மெழுகும் பூசிவிட வேண்டும்.